தாசில்தாருக்காக ஒரு ஜெபம்

போதகர் ஐயா காலமானபின், அவருடைய ஜெபப்புத்தகமும் மூக்குக்கண்ணாடியும் கோயில் அலமாரியில் ஒன்றாகக் கிடந்தன.

"நம்ம பள்ளிக்கூடத்தை இடிக்கச் சொன்ன தாசில்தார் ஞாபகம் இருக்கா?" என்றது கண்ணாடி.

"மறப்பேனா? அந்த ஞாயிற்றுக்கிழமை, வாராவாரம் வாசிக்கிற அதிகாரிகளுக்கான ஜெபத்தை ஐயா தாண்டிடுவார்னுதான் நெனச்சேன். அவரோ அந்த மனுஷன் பேரைச் சொல்லியே ஜெபிச்சார்" என்றது புத்தகம்.

"கண்ணு கலங்கித்தான் ஜெபிச்சார். நான் பார்த்தேன்."

"மறுநாள் என்ன செஞ்சார்? நான் கோயில்லயே இருந்துட்டேன்."

"இடிக்கக் கூடாதுன்னு அதே தாசில்தாருக்கு மனு எழுதினார். 'மதிப்பிற்குரிய ஐயா'ங்கிற முதல் வரியை மட்டும் ரெண்டு தடவை எழுதிப் பார்த்தார். கையெழுத்து அழகா வரணுமாம்."