மூன்றாவது கதவு

இரண்டு கதவுகளையும் டீச்சர் திறந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை.

அவர் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். கைப்பிடி, பூட்டு, தாழ்ப்பாள் செய்யும் அந்த நிறுவனத்தில் கணவர்தான் தலைமை வடிவமைப்பாளர்.

“சரியாத்தானேங்க பண்ணினேன்?”

“நல்லாப் பண்ணினே. இன்னும் ஒண்ணுதான்.”

கணவரின் வாய் சிரித்தது. முகம் தொங்கிப்போயிருந்தது.

நிறுவனத்தின் சோதனைக் கூடத்து நடுவே மூன்று கதவுகள், சட்டத்தோடு, சுவரில்லாமல் மொட்டையாக நின்றன. உள்ளே வந்ததுமே டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சுவரே இல்ல, கதவு மட்டும் எதுக்கு? சுத்திக்கிட்டுப் போயிடலாமே!”

மேலாளரும் விழுந்து விழுந்து சிரித்தார். “நீ எந்த பேட்ச்சுப்பா?” என்று டீச்சர் அவரைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். தான் அவருடைய மாணவன் இல்லை என்பதை மேலாளர் இரண்டு தடவையும் பணிவாகவே சொன்னார்.

என் வேலைக்கு ஒரு உதவி பண்ணு, கைப்பிடி எப்படியிருக்குன்னு உன் கைதான் சொல்லணும் என்று காலையில் கணவர் கேட்டிருந்தார். கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் உதவி என்று கேட்டதே இல்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு, கணவர் குளித்து வருவதற்கு முன்பே வாசலில் தயாராக நின்றுவிட்டார்.

முதல் கதவுக்குக் கொக்கி தரையோரம் இருந்தது. டீச்சர் குனிந்து பார்த்தார், நீக்கினார்.

இரண்டாவது, உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டிய குமிழ். அழுத்தித் திருப்பினார். வீட்டு அடுப்பின் குமிழும் அப்படித்தான். வடிவமைப்பாளர் அடுப்பை மறந்திருந்தார்.

மூன்றாவதில் இருந்தது எங்கும் பார்க்கிற சாதாரணக் கைப்பிடி. இது என்ன பெரிய விஷயம் என்பதுபோல் டீச்சர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

அசையவில்லை.

தள்ளினார். இழுத்தார். இரண்டு கையாலும் தொங்கினார். கைப்பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்கவில்லை.

பிறகு கதவைத் தட்டத் தொடங்கினார்.

“யாராவது இருக்கீங்களா? திறங்களேன்!”

மேலாளரின் சிரிப்பு நின்றது.

“என்னங்க, கதவு திறக்கலைங்க... எங்கங்க போனீங்க?”

கணவர் கதவின் அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தார். பதில் சொல்லவில்லை. கதவைத் திறக்க முயலும்போது சுற்றி நிற்பவர்கள் யாரும் பேசக்கூடாது என்ற விதியை எழுதியவர் அவர்தான்.

டீச்சர் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் மேலாளர் கைதட்டினார். பிறகு சுற்றி நின்ற ஊழியர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

அந்தக் கைப்பிடியைக் கீழே அழுத்தினால் திறக்காது. விரல்களை அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். டீச்சரின் கை எதையும் அடியிலிருந்து பிடிக்காது. பேருந்துக் கம்பியானாலும், நாற்காலி முதுகானாலும், கணவரின் தோளானாலும் மேலிருந்துதான் வந்து அமரும். கூடவே வாழ்ந்தவருக்குத்தான் அது தெரியும். அந்தக் கையை மனதில் வைத்துத்தான் கைப்பிடியை வரைந்தார்.

கணவர் சுற்றிக்கொண்டு வந்து பையை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலாளரிடம் போனார்.

“மன்னிச்சுக்குங்க. என்னால இவர் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

“அய்யோ, பிரமாதம் டீச்சர். இனிமே இவரைக் கையில பிடிக்க முடியாது.”

காரில் ஏறியதும் டீச்சர் தெளிந்துவிட்டார். சிவந்துபோன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்தக் கைப்பிடி யாருக்குங்க?”

“மறதி வியாதிக்காரங்க இருக்கிற வீட்டுக்கு. அவங்க பாட்டுக்கு வெளிய போயிடக் கூடாதுல்ல.”

“அடப்பாவமே. உள்ள மாட்டிக்கிட்டா பயந்துட மாட்டாங்களா?”

கணவரின் கைபேசி அடித்தது. வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர்.

“சார், டீச்சரம்மா ரூமுக்கு வெளிப்பக்கமா தாழ்ப்பாள் போட்டாச்சு. கைப்பிடி உங்க கம்பெனில புதுசா வருதாமே, அதையே மாட்டிடலாமா?”

கணவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“வேண்டாம். தாழ்ப்பாளே போதும். அது விக்கிறதுக்கு.”