அறுபத்து நாலில் பல்லுக்கொழுக்கட்டை

எனக்கு அறுபத்து நான்காவது வயதில் பல் முளைத்தது. ஆஸ்பத்திரியில் பல் திரும்ப முளைக்கவென்று ஈறில் போட்ட புது ஊசிதான் காரணம். கட்டுப்பல்லைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று மாதம் வீணீர் வடித்தேன், காய்ச்சலில் சிணுங்கினேன், டிவி ரிமோட்டைக் கடித்துக் குதறினேன்.

கீழ்ப்பல் வெள்ளையாகத் தலைகாட்டிய அன்றே என் மனைவி இராசமலர் சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

"முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை கொட்டாமல் விடேலுமோ?"

"நான் என்ன குழந்தைப்பிள்ளையோ? பாங்க் மனேஜரா இருந்தனான்."

"இருந்தனீங்கள். இப்ப சும்மா இருக்கிறீங்கள்."

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பாயில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணியைப் போர்த்தி, ஒரு சுளகு கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். உருண்டோடியதைப் பேரப்பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள்.

அடுத்தது தட்டு. பல் முளைத்த பிள்ளை அதில் எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் வருங்காலத் தொழில் என்பது எங்கள் வழக்கம். என் மகளுக்குப் பேனா, புத்தகம், தங்கச் சங்கிலி வைத்தோம். புத்தகத்தைத் தொட்டாள், இன்று ஆசிரியை.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. இன்னும் முப்பது வருடம் கடிக்கப்போகிற பல்! பேனாவைத் தொட்டு ஒரு நாவலாவது எழுதிவிடலாம் என்று துணியை விலக்கிப் பார்த்தேன்.

தட்டில் தேங்காய்த் திருவலையும் அகப்பையும் இருந்தன. தட்டில் கொள்ளாததால் வீடு கூட்டும் தும்புத்தடியைப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள்.

"அவசரமில்லை, ஆறுதலா எடுங்கோ," என்றாள் இராசமலர். "எதைத் தொட்டாலும் எனக்குச் சரி."