பக்கத்து நாற்காலி

"பாரும்மா, அந்தம்மா மறுபடியும் சிரிக்கறாங்க," என்று பல்லைக் கடித்தார் மந்திரி.

மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் பார்த்தார். விருந்துக் கூடத்தின் மூலை மேசையில், தீவு நாட்டு மந்திரியம்மாவும் வல்லரசின் தூதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மந்திரிக்கு வயிறு எரியாதா? அவர் நாடு இப்போதுதான் தலையெடுக்கிறது. வல்லரசு இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்றுதான் அந்தத் தீவு உட்பட அக்கம்பக்கத்துக் குட்டி நாடுகள் ஐந்தையும் சேர்த்துக் கூட்டணி போடுகிறார். சாப்பாடு முடிந்ததும் கையெழுத்து. தூதரை ஒப்புக்குத்தான் அழைத்தது.

"காலையில அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"நோயாளிகளை இக்கரைக்குக் கொண்டுவர ஒரு படகு, சார். போன மாசம் ஒரு பிரசவம் நடுக்கடல்லயே ஆயிடுச்சாம். நீங்கதான் அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொன்னீங்க."

"அதான் அங்க போய் ஒட்டிக்கிட்டாங்க. என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டு வா."

மொழிபெயர்ப்பாளருக்கும் கோபம்தான். இப்படியா பச்சோந்தியாக இருப்பது? தண்ணீர் பிடிக்கிற சாக்கில் மூலைவரை போய்விட்டுத் திரும்பினார்.

"தூதரோட நாய் அவர் கால்சட்டையைக் கிழிச்சிடுச்சாம், சார். அதைத்தான் சொல்லிட்டிருக்கார்."

"நாயா?" மந்திரியின் முகம் வெளிறியது. "யாரைச் சொல்றான்? நம்மளையா?"

"நிஜ நாய், சார். பழுப்பு நிறமாம்."

"உனக்கு அரசியல் தெரியாதும்மா. நாய்னா கடற்படை. கால்சட்டைன்னா துறைமுகம்."

மூலையிலிருந்து இன்னொரு சிரிப்பு. மந்திரி கரண்டியைப் போட்டுவிட்டு அந்தம்மாவிடம் ஓடினார். பின்னாலேயே மொழிபெயர்ப்பாளரும்.

"படகு இந்த மாசமே வரும்னு சொல்லும்மா. ஒண்ணு இல்ல, ரெண்டு."

கையெழுத்து முடிந்து மந்திரியம்மாவோடு படியிறங்கும்போது மொழிபெயர்ப்பாளருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கெட்டிக்காரங்கம்மா நீங்க. தூதர்கிட்ட சிரிச்சே எங்ககிட்ட ரெண்டு படகு வாங்கிட்டீங்க."

மந்திரியம்மா விழித்தார்.

"அதுக்காகவா குடுத்தார்? தூதர் பாஷையில எனக்கு ஒரு வார்த்தை தெரியாதே, தங்கச்சி. அவர் சிரிச்சா நானும் சிரிச்சேன், அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் அங்க போய் உக்காந்தீங்க?"

"இவ்வளவு பெரிய கூட்டத்துல அந்த மனுஷன் பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. தட்டையே பாத்துக்கிட்டுத் தனியா சாப்பிட்டார். மனசு கேக்கல."