பதிவு செய்த ஒரே ஆள்

மோசடி மெயிலில் சிக்காமல் இருப்பது எப்படி என்று வகுப்பெடுக்க வந்த பயிற்சியாளர், காலி நாற்காலிகளைப் பார்த்துத் திருதிருவென விழித்தார். முதல் வகுப்பே முதலுக்கு மோசமாகிவிடுமோ என்று வாசலை எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் மேலாளர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பக்கம் போன கணக்காளரை மேலாளர் பிடித்துக்கொண்டார். “எங்கய்யா ஒருத்தரையும் காணோம்?”

“வகுப்புக்குப் பதிவு பண்ணச் சொல்லி வந்த மெயில் திருட்டு முழி முழிச்சுது சார். எல்லாரும் அழிச்சுட்டோம்.”

“வெட்கமா இல்ல? நான் லிங்க்கை அமுக்கி, ஆபீஸ் பாஸ்வேர்டெல்லாம் போட்டு, ஒழுங்கா பதிவு பண்ணிட்டு வந்திருக்கேன். எல்லாருக்கும் இன்னைக்கே மெமோ!”

பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். “சார், அந்த மெயில் நீங்க அனுப்பினது இல்லையா?”

“நீங்கதானே அனுப்பினீங்க?”

“நான் ஒண்ணும் அனுப்பலையே!”

மேலாளர் நாற்காலியை மெல்ல இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி சார், நீங்க ஆரம்பிங்க.”