ஆளுக்கு நாலு

காலை வெயில் போர்டு பள்ளிக்கூடத்து ஓட்டிடுக்கு வழியே இறங்கி, சாணி மெழுகிய தரையில் வட்ட வட்டமாகக் கிடக்கிறது. செங்கோட்டையன் வாத்தியார் வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "பதினாறு கடலைக்காய், நாலு பேரு. ஆருக்கும் கூடக்கொறைய இல்லாமப் பங்கு வெக்கோணும்," என்றபடி, முன்வரிசையில் மூன்று பிள்ளைகளின் உள்ளங்கையில் நாலு நாலாக எண்ணி அழுத்தி வைக்கிறார். நாலாவது ஆள் அங்காயி. சேரியிலிருந்து வருகிற ஒரே பிள்ளை. கதவோரம் தனியாக ஒரு கோணிச் சாக்கில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை தன்மேல் பட்டுவிடாதபடி ஒரு முழம் உயரத்திலிருந்து நாலையும் போடுகிறார். "ஆளுக்கு எத்தன?" "நாலுங்க!" என்று மூன்று குரல்கள் கத்துகின்றன. அங்காயி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "மூணுங்க சாமி," என்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. "பதினாற நாலாப் பங்கு வெச்சா மூணா வரும்?" என்று பிரம்பை எடுக்கக் குனிகிறவர், தன் காலருகே தெறித்துக் கிடக்கும் ஒற்றைக் கடலைக்காயைப் பார்க்கிறார். பிரம்பை விட்டு அதை எடுக்கிறார். காதுமடல் சுடுகிறது. இந்தத் தடவை கையிலேயே வைத்துவிடுவோம் என்று தன் கையைத் தாழ்த்துகிறார். அவர் கை இறங்க இறங்க, யாரும் சொல்லாமலே, அவள் கையும் அதே அளவு கீழே இறங்குகிறது.