மாப்பிள்ளையின் சிரிப்பு உட்பட

அக்கா படித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் அதைப் பார்த்தான். செண்பகம் அக்காவின் விரல் மவுஸின் சக்கரத்தை உருட்டியது. நின்றது. மறுபடி உருட்டியது.

இத்தனை வருடத்தில் அவன் அனுப்பிய எதையும் அவர் உருட்டிப் பார்த்ததில்லை.

திறப்பார். ஓகே அடிப்பார். மூடுவார்.

"நீ எழுதுனா நான் வேற படிக்கோணுமா கண்ணு" என்பார்.

அதுதான் வினை.

கல்யாண ஆல்பம் செய்யும் மென்பொருளை விற்கிற கம்பெனி அது. கோயம்புத்தூரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் உரிம விதிகளை எழுதுவது அவன் வேலை. அதைப் படித்து ஒப்புதல் தருவது அக்காவின் வேலை. யாரும் படிக்காததை எழுதுகிற ஒரே எழுத்தாளன் தான்தான் என்று சொல்லிக்கொள்வான். பிறகு, இல்லை, இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று திருத்திக்கொள்வான்.

சலிப்புக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தான். நடுவில் ஒரு பொய் விதியைச் செருகி அக்காவுக்கு அனுப்புவான். கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க.

மென்பொருளைப் பயன்படுத்துபவர் கம்பெனி ஊழியருக்கு மாதாமாதம் பன் பட்டர் ஜாம் வாங்கித் தர வேண்டும். அக்கா ஓகே.

அமாவாசையன்று கம்ப்யூட்டரைத் திறக்கக் கூடாது. அக்கா ஓகே.

வெளியிடும் முன் அவனே எடுத்துவிடுவான். தனியாகச் சிரித்துக்கொள்வான்.

இந்த முறை செருகியது இது: "இம்மென்பொருளில் செய்யப்படும் ஆல்பங்களில் உள்ள முகங்கள் அனைத்தும் கம்பெனிக்கே சொந்தம், மாப்பிள்ளையின் சிரிப்பு உட்பட."

அக்கா ஓகே.

அன்று மதியம் ஆபீசில் யாருக்கோ பிறந்தநாள். பிரியாணி. முந்தின ராத்திரி வீட்டில் கைக்குழந்தை தூங்கவிடவில்லை; பிறகு கொஞ்சம் கண் சொக்கியது.

எடுக்க மறந்தான்.

ஈரோட்டு ஸ்டுடியோக்காரர் ஒருவர் அதைப் படித்தார். அவனை முழுதாகப் படித்த முதல் வாசகர். படித்த கையோடு வீடியோ போட்டார்.

"என்ற தங்கச்சி கல்யாணத்துல எங்க மாமன் வாயைத் தொறந்துட்டுத் தூங்கறாருங்க. அந்த மூஞ்சியும் இவனுக சொத்தாமா. நல்லா இருக்குதுங்களா நாயம்?"

சேலம், திருப்பூர், மதுரை என்று பரவியது. ஸ்டுடியோக்காரர்கள் மென்பொருளை அழித்தார்கள். அழிப்பதைப் படம் பிடித்தும் போட்டார்கள். தொழில்காரர்கள் அல்லவா, கோணம் எல்லாம் பிரமாதம்.

எம்.டி. கூட்டம் போட்டு அந்த வீடியோவை ஓடவிட்டார்.

அக்கா அந்த விதியை முதன்முதலாகப் படித்தது அப்போதுதான். அவர் கண் வரியின் கடைசிவரை போவதை அவன் பார்த்தான். பிறகு அந்தக் கண் அவன் பக்கம் வந்தது.

அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

"எழுதறவன் ஆயிரம் எழுதுவான். நீங்க படிச்சீங்களா, இல்லீங்களா?" என்றார் எம்.டி.

இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி அவனிடம் வந்திருக்கும்.

"படிச்சுத்தானுங்க ஓகே குடுத்தேன். தப்பு என்னோடதுதான்" என்றார் அக்கா.

அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். டம்ளர் காலி. ஆனாலும் குடித்தான்.

விதி ரத்து. மன்னிப்புக் கேட்டு ஓர் அறிவிப்பு. அக்காவுக்கு இன்றோடு வேலை இல்லை.

அறிவிப்பை எழுதுகிற வேலை அவனுக்கு வந்தது. நன்றாக எழுதுகிறானாம். எம்.டி.யே சொன்னார். ஒப்புதல் மட்டும் வழக்கம்போல் அக்காதான். அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது.

எழுதினான். உங்கள் குரலைக் கேட்டோம். வருந்துகிறோம். உங்கள் முகங்கள் உங்களுக்கே.

கடைசியில் வழக்கம்போல் ஒன்றைச் செருகினான். இந்த முறை பொய் இல்லை.

"அந்த விதியை விளையாட்டாக எழுதி, எடுக்க மறந்தவன் நான். செண்பகம் அக்கா அதைப் படிக்கவே இல்லை. என்னை நம்பினார்."

கீழே தன் பெயரையும் போட்டான்.

அக்கா படிக்க மாட்டார். ஓகே அடிப்பார். வரி ஊருக்குப் போய்விடும். எம்.டி.யின் முன்னால் நின்று வாய் திறக்க வேண்டிய அவசியமே இராது. கோழைக்கென்றே அளவெடுத்துத் தைத்த வழி. அனுப்பியபோது தன்மேல் அவனுக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

அக்கா படித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிக்கு வந்துவிட்டது தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். ஏதோ ஒரு விசையை அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம்.

பிறகு ஓகே.

அறிவிப்பு வெளியானது. "உங்கள் முகங்கள் உங்களுக்கே" என்பதோடு முடிந்திருந்தது. ஈரோட்டுக்காரர் முதல் ஆளாக வந்து இதயம் போட்டிருந்தார்.

அக்கா பையை மாட்டிக்கொண்டு வந்தார். கையில் மேசை மேல் வைத்திருந்த சின்னச் செடித்தொட்டி. அவன் எழுந்து நின்றான். எதற்கு என்று தெரியவில்லை.

"இன்னைக்குத்தான் கண்ணு, நீ எழுதுனதைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதறே."

தொட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கடைசி வரி மட்டும் ஆகலை. கைக்குழந்தையை வீட்டுல வெச்சுட்டு எழுதற வரியா அது?"

படியிறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பேக்கரியின் இரைச்சல் மட்டும்.

அவன் உட்கார்ந்தான். அறிவிப்புக்குக் கீழே கருத்துச் சொல்வதற்கான கட்டம் காலியாக இருந்தது.

அக்கா அழித்த வரிகளை அப்படியே அதில் அடித்துப் பதிவிட்டான். பெயரோடு.

இதற்கு யாருடைய ஓகேவும் வேண்டியதில்லை.

முதலிலிருந்து படித்துப் பார்த்தான். இன்னொரு முறையும் படித்தான்.

எடுக்க வேண்டியது எதுவும் இல்லை.