நாலு வீட்டு ஒப்பந்தம்

"மூணாவது மாடிக்காரங்க பண்றது அநியாயம்!"

குடியிருப்போர் கூட்டத்தில் பேராசிரியர் மேஜையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர் துள்ளியது.

இரண்டாவது மாடிக்காரர். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறார். உலக வர்த்தகத்தைப் பற்றி எழுதும் கட்டுரை பாதியில் நிற்கிறது. குறிப்பெல்லாம் பரண்மேல் பெட்டியில். எடுக்க ஏணி வேண்டும். ஏணி மூன்றாவது மாடியில்.

அந்த மாடியின் நாலு வீட்டுக்குள் ஓர் ஒப்பந்தம். டிரில் மிஷின் பல் டாக்டருடையது. ஏணி விளையாட்டு ஆசிரியருடையது; ஆறடி மூன்றங்குல மனிதருக்கு அது எதற்கோ! தையல் மிஷின் வங்கி மேடத்துடையது. அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. நாலாவது வீட்டுத் தையல்காரம்மா பங்குக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர். கணவர் படுக்கையில் விழுந்த பிறகு, மேடத்தின் மிஷினில் தைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

நாலு வீட்டுக்காரர்களும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாடிகளுக்குக் கிடையாது. விளையாட்டு ஆசிரியரின் சொந்த மச்சான் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவருக்காக டிரில் இறங்கியபோது பல் டாக்டர் படியிலேயே மடக்கிவிட்டார்.

"வட்டார வர்த்தக ஒப்பந்தம்னா இதுதான்!" என்றார் பேராசிரியர். "உள்ளே கதவு திறந்திருக்கும், வெளியே சுவர். இதைப் பார்த்து முதல் மாடியிலயும் தனியா ஒண்ணு ஆரம்பிச்சாச்சு. பதினாறு வீட்டுக்கும் ஒரே சந்தை, ஒரே விதி. அதுதான் நியாயம்!"

"விதி என்ன சார்?" என்றார் வங்கி மேடம்.

"உருப்படியான பொருள் தர்றவங்க மட்டும் எடுக்கலாம். ஒத்தை ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துட்டு தையல் மிஷினை நாள் பூரா ஓட்டுறதெல்லாம் நடக்காது."

சிலர் சிரித்தார்கள். தையல்காரம்மா புடவைத் தலைப்பைத் திருகினார். "நான் வேணா விலகிக்கிறேங்க."

"ஐயோ, அந்த ஸ்க்ரூடிரைவர் இல்லைன்னா என் கிளினிக் நாற்காலி எப்பவோ கழண்டிருக்கும்!" என்றார் பல் டாக்டர்.

"எனக்குத் தினமும் வேணும்," என்றார் வங்கி மேடம், எதற்கு என்று சொல்லாமல்.

முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

பேராசிரியர் வீட்டில் மனைவி காத்திருந்தார். "உலகத்தை அப்புறம் திறக்கலாம். முதல்ல பரண்ல இருக்கிற பெட்டியைத் திறங்க. கெஞ்சியாவது ஏணியை வாங்கிட்டு வாங்க."

பேராசிரியர் மாடியேறினார். விளையாட்டு ஆசிரியர் மறுபேச்சில்லாமல் கதவுக்குப் பின்னாலிருந்து ஏணியை இழுத்தார். பக்கத்தில் ஒரு கருவிப் பெட்டி, திறந்தபடி. உள்ளே பெரிதும் சிறிதுமாக ஏழு ஸ்க்ரூடிரைவர்கள்.

"இத்தனை வச்சுக்கிட்டா அந்த அம்மாகிட்டப் போய்..."

"சார், மெதுவா! எதிர் வீட்டுல அவங்களுக்குக் கேக்கும்." ஆசிரியர் பெட்டியைக் காலால் மூடினார். "டாக்டர் வீட்டுல ஒரு செட். மேடம் வீட்டுல இன்னும் பிரிக்காத செட். அந்தம்மா சும்மா எதையும் வாங்க மாட்டாங்க சார். அதான் முறை போட்டுப் போய் அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வருவோம்."

"இதை வெளியே சொல்லியிருக்கலாமே?"

"பதினாறு வீடுன்னா, 'அந்தம்மா என்ன தர்றாங்க'ன்னு ஒருத்தராவது கேப்பாங்க. இன்னைக்கே நீங்க கேட்டீங்களே சார்."

பேராசிரியர் ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தவர் பேராசிரியரைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"அம்மா, உங்க ஒப்பந்தத்துல அஞ்சாவது வீடா என்னைச் சேத்துப்பீங்களா? எனக்கு அவசரமா ஒரு ஸ்க்ரூடிரைவர் வேணும்... எங்க மாடியில யார்கிட்டயுமே இல்லை."